வாஷ்பேசினுக்குக் கீழே ஒரு பொய்

ஒரு நிமிஷம் எழுந்து போய், உங்கள் வீட்டு வாஷ்பேசினுக்குக் கீழே குனிந்து பார்த்துவிட்டு வாருங்கள். இந்தப் பக்கம் எங்கேயும் ஓடிவிடாது.

பார்த்தாச்சா?

வெறும் குழாயும் ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டும்தான் இருந்தன என்றால் நீங்கள் பாக்கியசாலி. அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். அலமாரி இருக்கிறது, அது வந்து மூன்று வருஷம் தாண்டிவிட்டது என்றால், உள்ளே என்ன இருக்கும் என்று நானே சொல்லிவிடுகிறேன். தரையை ஒட்டிய ஓரம் டீயில் தோய்த்த பிஸ்கட் மாதிரி உப்பியிருக்கும். மைக்கா வாயைப் பிளந்திருக்கும். ஒரு கதவின் கீல் திருகு கழன்று, அதைக் கையால் தூக்கிப் பிடித்துத்தான் மூட வேண்டியிருக்கும். ஃபினாயில் பாட்டிலுக்குப் பின்னால் ஒரு கரப்பான்பூச்சிக் கூட்டுக்குடும்பம்.

ஜோசியம் எல்லாம் இல்லை சார். என் வீட்டில் நடந்ததைத்தான் சொல்கிறேன்.

2021-ல் பாத்ரூமைப் புதுப்பித்தோம். ‘இன்டீரியர்’ செய்து தரும் ஒரு கம்பெனியிலிருந்து, கழுத்தில் அடையாள அட்டையும் கையில் டேப்லெட்டுமாக ஒரு தம்பி வந்தார். திரையில் படம் காட்டினார். அசல் தேக்கு நிறம், ரேகை ரேகையாக மரத்தின் வரி. ‘‘மரமா?’’ என்று கேட்டேன். ‘‘வுட் ஃபினிஷ் சார்’’ என்றார். ‘‘தண்ணி பட்டா?’’ என்றேன். ‘‘வாட்டர் ப்ரூஃப் சார்’’ என்றார். 19,500 ரூபாய். இரண்டு பேர் வந்து இரண்டே மணி நேரத்தில் மாட்டிவிட்டுப் போனார்கள். எனக்கும் பெருமை தாங்கவில்லை. வந்தவர்களையெல்லாம் பாத்ரூமுக்கு அழைத்துப் போய்க் காட்டினேன். ஆங்கிலத்தில் இந்த அலமாரிக்கு ‘வேனிட்டி’ என்று பேர். வெட்டிப் பெருமை என்றும் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் உண்டு. வெள்ளைக்காரன் தெரிந்துதான் வைத்திருக்கிறான்.

மூன்றரை வருஷத்தில் முடிந்தது கதை. போன் செய்தால், ‘‘தரையில தண்ணி ஊத்திக் கழுவுனீங்களா சார்? அப்படிச் செய்யக்கூடாதே’’ என்று பதில் வந்தது. பாத்ரூம் தரையில் தண்ணீர் ஊற்றாமல் வேறு எங்கே ஊற்றுவது? பூஜை அறையிலா?

இதில் என்ன பித்தலாட்டம் என்று தெரிந்துகொள்வது உங்களுக்கு நல்லது. பார்ட்டிகிள் போர்டு என்பது மரத்தூளையும் மரச் சீவலையும் பசையில் குழைத்து, சூட்டில் அழுத்திச் செய்த பலகை. எம்.டி.எஃப். என்றால் அதையே இன்னும் மாவாக அரைத்துச் செய்தது. பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசை. மேலே ஒட்டியிருப்பது மரத்தின் புகைப்படம். ஆமாம், காகிதத்தில் அச்சடித்த போட்டோதான்! விளிம்பில் ஒட்டிய பட்டை ஒரு இடத்தில் பிரிந்தால் போதும், உள்ளே இருக்கும் தூள் தண்ணீரை உறிஞ்சும், ஊதும். ஒருமுறை ஊதினால் பழைய அளவுக்குத் திரும்பவே திரும்பாது. அசல் மரம் நனைந்தால் காயும். இது நனைந்தால் சாகும்.

பிளைவுட் என்றால் தப்பித்தோமா? அதிலும் ஜாதி இருக்கிறது. எம்.ஆர். என்று முத்திரை குத்தியது ஈரப்பதத்தைக் கொஞ்சம் தாங்கும், அவ்வளவுதான். ஹாலில் டி.வி. ஸ்டாண்டு செய்ய லாயக்கு. அதற்கு மேலே பி.டபிள்யூ.ஆர். அதற்கும் மேலே, ஐ.எஸ். 710 என்ற எண்ணோடு வரும் மெரைன் பிளைவுட். அந்த ஒட்டு 72 மணி நேரம் கொதிக்கும் தண்ணீரில் பிரியாமல் நிற்க வேண்டும் என்பது சோதனை. பாத்ரூமுக்கு இதுதான் லாயக்கு. ஆனால், உங்களிடம் ‘வாட்டர் ப்ரூஃப்’ என்று விற்றது எது? இப்போது எச்.டி.எச்.எம்.ஆர். என்று ஓர் ஐந்தெழுத்து மந்திரம் வந்திருக்கிறது. அதன் கடைசி எழுத்துக்கு அர்த்தம் ‘ரெசிஸ்டன்ஸ்’. எதிர்த்து நிற்கும் என்றுதான் சொல்கிறது. ஜெயிக்கும் என்று சொல்லவில்லை.

நான் பார்ட்டிகிள் போர்டுக்கு விரோதி இல்லை. வீணாகப் போகும் சீவலைப் பலகையாக்குவது நல்ல காரியம்தான். காய்ந்த இடத்தில் புத்தக அலமாரி செய்யுங்கள், வருஷக்கணக்கில் உழைக்கும். அதைக் கொண்டுபோய்த் தினமும் பத்து பக்கெட் தண்ணீர் புழங்கும் இடத்தில் வைத்து, அதன் முகத்தில் தேக்கின் போட்டோவை ஒட்டி விற்பதைத்தான் பொய் என்கிறேன்.

ஆனால், இந்தக் கட்டுரை கம்பெனிக்காரர்களைத் திட்டுவதற்காக அல்ல. அது சுலபம். திட்ட வேண்டியது உங்களையும் என்னையும்.

‘‘இப்பல்லாம் நல்ல ஆசாரி எங்க சார் கிடைக்கிறாங்க?’’ இந்த வசனத்தைச் சொல்லாத நடுத்தரவர்க்க வீடு உண்டா? நானும் நூறு தடவை சொன்னவன்தான். அலமாரி உப்பிய பிறகு ஒரு நண்பர் சொல்லி ஒருவரைத் தேடிப் போனேன். தென்காசிப் பக்கத்துக்காரர். அறுபதைத் தாண்டியவர். சென்னைக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வீட்டுக்கு வந்தார். உப்பிய பலகையை விரலால் அழுத்தினார். விரல் உள்ளே போனது. சிரிக்கவில்லை, அதிர்ச்சியடையவும் இல்லை.

‘‘தேக்குல செஞ்சிரலாம் சார். பழைய மரம் எடுப்போம். ஒன்பது நாள் ஆகும்’’ என்றார்.

‘‘ஒன்பது நாளா? கம்பெனிக்காரங்க ரெண்டு மணி நேரத்துல முடிச்சாங்களே!’’ என்றேன். அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. நாள் கூலி 1,400 என்றதும், ‘‘1,000 போட்டுக்குங்க’’ என்றேன். அவர் பேரம் பேசவில்லை. டேப்பைச் சுருட்டிப் பையில் வைத்தார். எழுந்தார்.

அன்று அவர் வாசலைத் தாண்டியிருந்தால், அடுத்த வாரம் நான் யாரிடமாவது சொல்லியிருப்பேன்: ‘‘இப்பல்லாம் நல்ல ஆசாரி எங்க சார் கிடைக்கிறாங்க?’’

எப்படி நடக்கிறது என்று புரிகிறதா? கிடைத்தவரைத் துரத்திவிட்டுக் கிடைக்கவில்லை என்று புலம்புகிறோம். நல்லவேளை, வெட்கம் வந்து 1,400-க்கே சம்மதித்தேன்.

அந்த ஒன்பது நாளில் நான் பார்த்ததைச் சொல்ல வேண்டும். ஏனென்றால், ‘கையால் செய்தது’ என்றால் ஏதோ அழகுப் பொருள், ஆடம்பரம், கண்காட்சியில் வைப்பது என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இல்லவே இல்லை. அது ஒரு யோசனை முறை.

முதலில் மரம். பர்மா தேக்கு என்று போர்டு வைத்த கடைகள் இன்றும் இருக்கின்றன. ஆனால், மியான்மர் அரசு வெட்டிய மரத்தை அப்படியே தடியாக ஏற்றுமதி செய்வதை 2014 ஏப்ரலோடு நிறுத்திவிட்டது. அங்கே 2021-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, மரத்தில் வரும் காசு யார் கைக்குப் போகிறது என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. கானாவிலிருந்தும் ஈக்வடாரிலிருந்தும் தோட்டத் தேக்கு கப்பலில் வருகிறது. இவர் அது எதையும் கேட்கவில்லை. பழைய வீடு இடித்த மரம் விற்கும் கடைக்கு என்னை அழைத்துப் போனார். அங்கே ஒரு ஜன்னல் நிலையும் இரண்டு உத்தரத் துண்டும் எடுத்தார். நகத்தால் கீறினார், முகர்ந்தார், இரண்டு கையாலும் தூக்கிக் கனம் பார்த்தார். ஒரு காந்தத்தை நூலில் கட்டி மரத்தின் மேல் ஓட்டினார். உள்ளே பழைய ஆணி இருந்தால் ரம்பத்தின் பல் போய்விடுமாம். வெளிர் நிறத்தில் ஓரமாக இருந்த வெள்ளையை வேண்டாம் என்று ஒதுக்கி, வைரம் பாய்ந்த பகுதியாகப் பார்த்து எடுத்தார். ‘‘இது காய வேண்டியதெல்லாம் எப்பவோ காஞ்சு முடிச்சிட்டு சார். இனிமே நம்மகிட்ட விளையாடாது’’ என்றார்.

மூன்றடி அகலத்தில் ஒரு வாஷ்பேசின் மேஜைக்கு, சேதாரத்தோடு சேர்த்து இரண்டரை கன அடி மரம் போதும். ‘காட்டை அழிக்கலாமா?’ என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. யாரோ இடித்த வீட்டின் ஜன்னல் இது. இதற்காக ஒரு மரமும் விழவில்லை. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அலமாரியைக் குப்பைமேட்டுக்கு அனுப்புகிறோமே, பசையும் பிளாஸ்டிக்கும் கலந்த அந்தப் பலகையை அடுப்பில் வைத்து எரிக்கக்கூடாது. விறகுக்குக்கூட ஆகாத மரத்தை வாங்கியிருக்கிறோம்!

இரண்டாவது, கால். பாத்ரூம் மர அலமாரி அழுகுவது மேலேயிருந்து அல்ல, கீழேயிருந்து. குறுக்கே அறுத்த மரத்தின் முனை என்பது உறிஞ்சுகுழல்களைக் கட்டாகக் கட்டி வைத்த மாதிரி. தரையில் நிற்கும் தண்ணீரை மேலே இழுக்கும். பழைய வீடுகளில் மரத்தூணைத் தரையில் நேராக நிறுத்தியிருக்கிறார்களா, பார்த்திருக்கிறீர்களா? அடியில் கல் இருக்கும். இவரும் அதையேதான் செய்தார். நான்கு காலுக்கும் நான்கு கிரானைட் துண்டு. காலின் அடி முனையில் எபாக்ஸி தடவி அடைத்தார். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கல்லைச் சுற்றிக்கொண்டு ஓடிவிடும். கம்பெனி டிசைனரின் டேப்லெட்டில் இல்லாத அறிவு இது.

மூன்றாவது, இணைப்பு. ஒரு கட்டையில் சதுரத் துளை. இன்னொரு கட்டையின் முனையில் அதற்குள் இறுக்கமாகப் போகும் நாக்கு. குறுக்கே ஒரு மூங்கில் ஆணி. இரும்பு ஆணி ஈரத்தில் துருப்பிடிக்கும், மூங்கில் பிடிக்காது. கதவில் நடுப்பலகையை நாலு பக்கச் சட்டத்தின் காடிக்குள் சும்மா செருகினார். பசை போடவில்லை. ‘‘ஒட்டலையா?’’ என்று கேட்டேன்.

‘‘ஒட்டுனா வெடிச்சிரும் சார். ஐப்பசியில ஊதும், பங்குனியில சுருங்கும். அது போய்வர எடம் விடணும்லா?’’

மரம் நீளவாட்டில் அநேகமாக மாறாது, அகலவாட்டில்தான் ஈரத்துக்கு ஏற்ப விரியும், சுருங்கும். இதை நான் இஞ்சினீயரிங் புத்தகத்தில் படித்திருக்கலாம். அவர் அதைக் காடியாகவே வெட்டி வைத்திருந்தார். மேல்பலகையைச் சட்டத்தில் பொருத்தும்போதும் அப்படித்தான். திருகுக்கு வட்டத் துளை போடாமல் நீளத் துளை. மேல்பலகையின் அடியில் விளிம்பை ஒட்டிக் குச்சி அகலத்துக்கு ஒரு பள்ளம். வழியும் தண்ணீர் உள்ளே தவழ்ந்து வராமல் அங்கேயே சொட்டிவிட. பின்பக்கம் பலகையே இல்லை. காற்றும் போகும், பிளம்பர் கையும் போகும். கீழ்த் தட்டு முழுப்பலகை அல்ல, இடைவெளி விட்ட பட்டைகள். நனைந்தால் காயட்டும் என்றுதான். கடைசியில், மேல்பலகைக்கு மட்டும் கெட்டியாகப் பாலியுரேத்தேன் பூச்சு, மற்ற இடங்களுக்கு எண்ணெய். ‘‘எண்ணெயை வருஷத்துக்கு ஒருக்கா நீங்களே தடவிக்கிடலாம். ஆள் தேவையில்ல’’ என்றார். தன் தொழிலுக்குத் தானே வேலை இல்லாமல் செய்துவிட்டுப் போகும் ஒரே வியாபாரி இவராகத்தான் இருப்பார்.

இப்போது கணக்கு. அறுத்ததோடு சேர்த்து மரம் 12,000. கூலி 12,600. கீல், கைப்பிடி, பூச்சு, கல், சில்லறைச் சாமான் 6,400. மொத்தம் 31,000. ‘பாத்தியா, 11,500 ரூபாய் அதிகம்!’ என்று கணக்குப் போடாதீர்கள். மூன்றரை வருஷத்தில் செத்துப்போன 19,500 ரூபாய் அலமாரிக்கு வருஷ வாடகை சுமார் 5,500 ரூபாய். அந்தக் கணக்கில் ஆறாவது வருஷத்திலிருந்து எனக்கு லாபம். இரண்டு ஐப்பசி மழை தாண்டிவிட்டது. ஒரு கதவும் பிடிக்கவில்லை.

‘எல்லாராலும் தேக்கு வாங்க முடியுமா?’ நியாயமான கேள்வி. வாங்க வேண்டாம். பலா இருக்கிறது. ஆஞ்சிலி இருக்கிறது, கேரளத்தில் படகு கட்டுகிற மரம், உங்கள் வாஷ்பேசினைத் தாங்காதா? பூவரசு இருக்கிறது. அதுவும் வேண்டாமா, சுவரில் இரண்டு கல் பதித்து மேலே ஒரு கிரானைட் பலகை போடுங்கள். அது கல்லாகவே இருக்கட்டும். என் சண்டை விலையோடு இல்லை, பொய்யோடு. மரமே இல்லாததை மரம் என்று நம்பி, அசல் மரத்தை இழைக்கத் தெரிந்தவரிடம் 400 ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோமே, அந்தப் புத்தியோடுதான்.

இதுவரை சொன்னதில் எனக்கு அவமானம் கொஞ்சம்தான். மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

நான் குடியிருப்பது ஐந்தாவது மாடி. எங்கள் குடியிருப்பில் ஒரு விதி உண்டு. வேலைக்கு வருபவர்கள் மெயின் லிஃப்டில் ஏறக்கூடாது. சர்வீஸ் லிஃப்ட் அந்த வாரம் ரிப்பேர். முதல் நாள் பதினோரு மணி வாக்கில் அவர் என் அருகில் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: ‘‘சார், ஒண்ணுக்குப் போக இங்க எங்க?’’

என் வாய் தானாகப் பதில் சொன்னது: ‘‘கீழ பேஸ்மென்ட்ல ஜெனரேட்டர் ரூம் பின்னாடி, வாட்ச்மேன் பாத்ரூம் இருக்கு.’’

போனார். அறுபது தாண்டிய மனிதர், ஐந்து மாடி இறங்கி, ஐந்து மாடி ஏறி வந்தார். வந்து என்ன செய்தார்? என் பாத்ரூமுக்குள் போய், தரையில் உட்கார்ந்து அளவெடுத்தார்.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. மூன்றாம் நாள்தான் கவனித்தேன். அவர் தண்ணீர் குடிப்பதில்லை. டீ கொடுத்தால், ‘‘வேண்டாம் சார்’’ என்கிறார். மே மாத வெயில். பால்கனியில் உட்கார்ந்து இழைக்கிறார். சட்டை முதுகோடு ஒட்டிக்கிடக்கிறது. தண்ணீர் மட்டும் வேண்டாமாம். ஏன் என்று எனக்குப் புரிய அரை நாள் ஆயிற்று. குடித்தால் இறங்க வேண்டும்.

என் வீட்டு பாத்ரூமை அழகு செய்ய வந்தவர், என் வீட்டு பாத்ரூமுக்குப் போகக்கூடாது என்பதற்காகத் தாகத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எந்தச் சட்டமும் இதைச் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். படித்தவன், பத்திரிகையில் சமத்துவம் எழுதுகிறவன்!

‘‘இங்கேயே போங்கண்ணே’’ என்றேன். அதுவரை ‘ஆசாரி’ என்று சாதிப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்பதும் அப்போதுதான் காதில் விழுந்தது. தயங்கினார். போனார். உள்ளே இரண்டு பக்கெட் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற சத்தம் கேட்டது. நான் கழுவியதைவிடச் சுத்தமாகக் கழுவிவிட்டு வந்தார். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

இப்போது சொல்லுங்கள், நல்ல ஆசாரி ஏன் கிடைப்பதில்லை?

அவருடைய மகன் பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்கிறார். ‘‘தொழில் கத்துக்கலையா?’’ என்று கேட்டேன். ‘‘நான்தான் வேண்டாம்னேன் சார். காசு இதுலயும் வரும். ஆனா, அவனை யாரும் பேஸ்மென்ட்டுக்கு அனுப்பக்கூடாதுல்லா’’ என்றார். டெலிவரிக்கு வரும் பையனையும் நாம் அதே சர்வீஸ் லிஃப்டுக்குத்தான் அனுப்புகிறோம் என்பதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உடனே ‘அப்பன் தொழிலைப் பிள்ளை செய்யாததால்தான் கலை அழிகிறது’ என்று சிலர் கிளம்பிவிடுவார்கள். தயவுசெய்து வேண்டாம். 1953-ல் ராஜாஜி பாதி நாள் பள்ளிக்கூடம், பாதி நாள் அப்பன் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வி என்று தமிழ்நாடே கொதித்தது. 1954-ல் காமராஜர் ஆட்சியில் அது ஒழிந்தது. ஒழிந்தது சரிதான். 2023-ல் மத்திய அரசு கொண்டுவந்த விஸ்வகர்மா திட்டத்தில் ‘குடும்பத் தொழில்’ என்ற நிபந்தனை இருந்ததை ஏற்காமல், தமிழக அரசு 2025-ல் சாதி பார்க்காத கைவினைத் திட்டம் ஒன்றைத் தனியாகத் தொடங்கியது. அதுவும் சரியான திசைதான். ஆனால், திட்டம் போட்டால் மட்டும் போதுமா? தச்சர் மகன் தச்சராகத்தான் ஆக வேண்டும் என்பது அநியாயம். அதேபோல, வங்கி அதிகாரி மகன் தச்சராகவே ஆக மாட்டான் என்பதும் அதே அநியாயத்தின் இன்னொரு முகம். முதல் அநியாயத்தை எதிர்த்துப் போராடினோம். இரண்டாவதை வீட்டுக்குள் வைத்துப் பாலூட்டி வளர்க்கிறோம்.

நான் படித்த பள்ளியில் வாரத்துக்கு இரண்டு பீரியட் தச்சு வகுப்பு இருந்தது. ஒரு ஸ்டூல்கூட நான் உருப்படியாகச் செய்ததில்லை. ஆனால், உளியைப் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று கைக்குத் தெரிந்தது. அந்தக் கஷ்டம் தெரிந்த கை, 400 ரூபாய்க்குப் பேரம் பேசக் கொஞ்சமாவது கூசும். என் பள்ளியில் பிறகு அந்த அறையை கம்ப்யூட்டர் லேப் ஆக்கிவிட்டார்கள். கம்ப்யூட்டர் வேண்டும்தான். இழைப்புளியைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டிருக்க வேண்டுமா?

ஆக, நான் உங்களிடம் கேட்பது பெரிய புரட்சி எதுவும் இல்லை. சின்னச் சின்ன காரியங்கள்தான்.

அடுத்த முறை யாராவது ‘வாட்டர் ப்ரூஃப்’ என்றால், ‘ஐ.எஸ். நம்பரை பில்லில் எழுதிக் கொடுங்கள்’ என்று சொல்லுங்கள். அதற்கு என்ன பதில் வருகிறது என்று பாருங்கள், அதிலேயே எல்லாம் தெரிந்துவிடும். தச்சர் ஒன்பது நாள் என்றால், ஒன்பது நாள் கொடுங்கள். நிலம்பூரில் 1840-களில் தேக்குத் தோட்டம் போட்டார்கள். நட்ட கைகள் அந்த மரத்தை முழுசாக வளர்ந்து பார்க்கவில்லை. அப்படி வளர்கிற மரத்துக்கு ஒன்பது நாள் காத்திருக்க நமக்கு வலிக்கிறதா?

வீட்டில் வேலை செய்பவருக்கு ஒரு முகமூடி வாங்கிக் கொடுங்கள். மரத்தூள் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-லேயே வகைப்படுத்திவிட்டது. தேக்குத் தூளும் அதில் அடக்கம். பலகைப் பசையில் இருக்கும் ஃபார்மால்டிஹைடையும் 2004-ல் அதே பட்டியலில் சேர்த்தார்கள். கொரோனா காலத்தில் வாங்கிய முகமூடிகள் இன்னும் உங்கள் அலமாரியில் தூங்குகின்றன, எனக்குத் தெரியும்.

உங்கள் பிள்ளைக்கு இந்த லீவில் ஒரு உளியும் ஒரு மரத்துண்டும் கொடுங்கள். கையைக் கொஞ்சம் கீறிக்கொள்ளட்டும், ஒன்றும் ஆகாது.

எல்லாவற்றுக்கும் முதலில், வேலைக்கு வந்தவர் காலையில் உள்ளே நுழைந்ததும் அவர் கேட்பதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள்: ‘‘தண்ணி அங்க இருக்கு. பாத்ரூம் இங்க இருக்கு.’’

எங்கள் குடியிருப்பின் அடுத்த பொதுக்குழுவில், லிஃப்ட் விதியை நீக்கச் சொல்லித் தீர்மானம் கொடுத்தேன். ஆதரவு 6, எதிர்ப்பு 31. எதிர்த்து வாக்களித்த ஒருவர் போன வாரம் என் வீட்டுக்கு வந்தார். வாஷ்பேசின் மேஜையைத் தடவிப் பார்த்தார். ‘‘பிரமாதம் சார்! யார் செஞ்சது? எங்க வீட்டுக்கும் வரச்சொல்லுங்களேன்’’ என்றார்.

‘‘சொல்றேன். எந்த லிஃப்டுல வரட்டும்?’’ என்று கேட்டேன்.

இன்னும் பதில் வரவில்லை.